பத்தியம் முடிந்த பேகம்

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகிற பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். அந்த அம்மாவின் மடியில் ஒரு கூடை, அதில் கிழட்டுப் பூனை.

"இனிமே பேகத்துக்குப் பத்தியமே கெடையாது. இன்னா கேட்டாலும் குடுக்கலாம்" என்று அந்த அம்மா பூனையைப் பார்த்துச் சொன்னதும் நான் காது கொடுத்தேன்.

"கிட்னி போச்சுன்னு டாக்டர் சொல்றாரு, நீ சிரிக்கிற. இன்னும் ரெண்டு பாட்டில் டிரிப்ஸ் ஏத்திப் பாக்கலாமே?"

"ஏங்க, ஊசியப் பாத்தாலே நடுங்குது. ஏத்தியும் பிரயோஜனம் இல்லன்னு அவரே சொல்லிட்டாரு."

"அப்ப ஊசி போட்டுத் தூங்க வெச்சிடலாம்ன்றியா?" என்று கேட்டார் அவர்.

"இன்னிக்கு இல்ல. வலிக்கு மருந்து குடுத்துகினு வூட்லயே வெச்சிக்கலாம். சாப்பாடே வேணாம்னு மொகத்தத் திருப்பிக்கினா, டாக்டரே வூட்டுக்கு வரேன்னாரு. ஒங்க மடியிலயே தூங்கட்டும்."

அவர் கூடைக்குள் கைவிட்டுப் பூனையின் தலையைத் தடவினார்.

"அப்ப சங்கரா மீன் வாங்கவா?"

"வாங்குங்க. முள்ளு எடுத்து நீங்கதான் ஊட்டணும்."

அவர் சட்டென்று எழுந்தார். "கண்டக்டர் அண்ணாத்த, மீன் மார்க்கெட்டாண்ட நிறுத்து!"

"அங்க ஸ்டாப்பிங் இல்லீங்க."

"பேஷண்டு பசியா கீது, அண்ணாத்த."

கண்டக்டர் கூடையை எட்டிப் பார்த்தார். பூனை அவரைப் பார்த்துக் கத்தியது. வண்டியை நிறுத்த விசில் அடித்துவிட்டார்.