நீ செத்த கதை

கொடிகாமத்திலிருந்து யாழ்ப்பாணம் போகும் பேருந்தில் தூங்கி வழிந்துகொண்டிருந்தேன். முன் இருக்கையில் நடுவயதுப் பெண்கள் இருவர்.

“எடி, நீ செத்ததைத்தான் என்ரை ஆராய்ச்சிக் கட்டுரையிலை முதல் எழுதியிருக்கிறன்” என்றார் கண்ணாடி போட்டவர்.

தூக்கம் போய்விட்டது. மற்றவரோ சிரித்தார்.

“நேர்சிங் படிக்கேக்கை நாங்கள் கூடியிருந்து படிச்ச கதையே?”

“ஓம். நீதானே எப்பவும் நோயாளியா நடிக்கிறது. எங்கை நோகுதெண்டு கேட்டன். ஒண்டுமில்லையெண்டாய். நானும் நம்பி அடுத்த கட்டிலுக்குப் போனன். நீ நாக்கைத் தள்ளிக்கொண்டு செத்துப்போனாய்.”

“பின்னை? எங்கடை சனம் அப்பிடித்தானே சொல்லும். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சவை. என்ன சந்தோசமான காலமடி!”

“இப்ப நான் படிப்பிக்கிற பிள்ளையளும் அப்பிடித்தான் நடிச்சு நடிச்சுப் படிக்கினம். ஒண்டுமில்லையெண்டு ஆரும் சொன்னா அதோடை விடக்கூடாது. முழு ஆராய்ச்சியும் அதுதான்.”

சாவகச்சேரி ஆஸ்பத்திரியடியில் மற்றவர் எழுந்தார்.

“இதிலை ஏனடி இறங்கிறாய்?”

“ஒண்டுமில்லை. சும்மா.”

யாழ்ப்பாணம் வரை டிக்கெட் எடுத்திருந்த கண்ணாடிக்காரர், பையைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னாலேயே இறங்கினார்.