உக்குவளை ஸ்டேஷனில் மாமியார்

மாத்தளையில் பஸ் புறப்படும் முன்பே, எனக்கு முன்சீட்டில் இருந்தவர் பக்கத்திலிருந்த நண்பரிடம் சொன்னார்:

"என் மாமியாரை அழிக்க விடமாட்டேங்கிறாங்க, மச்சான்."

நான் போனை மடியில் வைத்துவிட்டேன்.

"யாரு?"

"இன்டர்நெட்டுல கலைக்களஞ்சியம் எழுதுற நம்ம கூட்டம்தான். உக்குவளை ஸ்டேஷனுக்குப் படம் இல்லைன்னாங்க, எடுத்துப் போட்டேன். பெஞ்சுல மாமி உக்காந்து இனிப்புத் தொதல் தின்னுக்கிட்டிருந்ததைக் கவனிக்கல."

"அவங்களுக்குச் சீனி வருத்தமாச்சே!"

"அதான் வில்லங்கம். படத்தைப் பார்த்துட்டு என் பொண்டாட்டி அவங்க அலுமாரியைச் சோதனை போட்டுட்டா."

"மாமியை மட்டும் வெட்டிடு."

"வெட்டினேன். கனடாவுல இருக்கிற ஒருத்தர் பழைய படத்தையே திரும்பப் போட்டுட்டார். ஆள் இருந்தாத்தான் பிளாட்பாரத்தோட அளவு தெரியுமாம். மத்தவங்களும் ஆமான்னுட்டாங்க."

"உன் படம்தானே, எடுத்துரு."

"யாரும் எடுத்துப் பாவிக்கலாம்னு ஒத்துக்கிட்டுத்தானே போட்டேன்? சிங்களப் பக்கத்துலயும் இப்ப மாமிதான். பிரெஞ்சுலயும் வந்துட்டாங்க."

நண்பர் சிரித்த சிரிப்பில் கண்டக்டரே திரும்பிப் பார்த்தார்.

"இப்ப என்ன செய்யப்போற?"

"இதைவிட நல்ல படம் கொண்டுவந்தா மாத்துறாங்களாம். ஆனா ஆள் இருக்கணுமாம். அதுக்குத்தான் போறேன்."

உக்குவளையில் அவர் கேமராவோடு இறங்கினார். முன்கதவால் பட்டுச் சேலை கட்டிய ஓர் அம்மா இறங்கிவந்து, பையிலிருந்து எதையோ எடுத்து அவரிடம் நீட்டிக் காட்டினார்.

"மாப்பிள்ளை, இந்த வெள்ளரிக்கா நல்லாத் தெரியிற மாதிரி எடுங்க."