பிரச்சினை இல்லாத ஊர்

ஆய்வு முன்மொழிவில் எழுத்தளவு பன்னிரண்டு இருக்க வேண்டும், வரிகளுக்கிடையே ஒன்றரை இடைவெளி விட வேண்டும். நீங்கள் கொடுத்திருக்கும் இந்தக் கோடு போட்ட தாளில் இரண்டுக்கும் வழியில்லை. ஆகையால் கைக்கு வந்தபடி எழுதுகிறேன். "உங்க பாணியிலயே முதல்லேருந்து எழுதுங்க சார்" என்று சொன்னீர்கள், பக்க வரம்பு சொல்லவில்லை. எங்கள் பல்கலைக்கழகத்தில் அதைச் சொல்லாமல் ஒருவனிடம் பேனாவைக் கொடுக்க மாட்டார்கள்.

என் பெயர் அரவிந்தன். வயது முப்பத்தொன்பது. கும்பகோணம் பக்கம் ஒரு கல்லூரியில் சமூகவியல் துறையின் கௌரவ விரிவுரையாளர். கௌரவம் என்பது பதவியின் பெயரில் மட்டும் இருப்பது. பகுதிநேர முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்து நான்கு வருடம் ஆகிறது. விதிப்படி முன்மொழிவை மூன்று முறை குழுவின் முன் வைக்கலாம். மூன்றாவது முறையும் தேறாவிட்டால் பதிவு ரத்து. பட்டம் இல்லாதவர்களை அடுத்த கல்வியாண்டில் வைத்துக்கொள்ள மாட்டோம் என்று கல்லூரியில் சுற்றறிக்கையும் ஒட்டியிருந்தார்கள். இதையெல்லாம் தற்காப்புக்காகச் சொல்லவில்லை, பின்னணி என்ற பகுதி எந்த எழுத்துக்கும் தேவை.

திருவிடைமருதூரிலிருந்து உள்ளே போனால் வரும் இரண்டு ஊர்களை எடுத்துக்கொண்டேன். ஆய்வு அறத்துக்காக அவற்றின் பெயர்களை மாற்றி மேலவயல், கீழவயல் என்று வைத்தேன். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். உண்மைப் பெயர்கள் உங்கள் முதல் தகவல் அறிக்கையில் இருக்கின்றன.

இரண்டு ஊருக்கும் பொதுவாக ஒரு வடிகால் ஓடுகிறது. எல்லையில் ஒரு பழைய இரும்பு ஷட்டர். அதை இறக்கினால் தண்ணீர் மேலவயலில் தேங்கும், ஏற்றினால் கீழவயலுக்குப் பாயும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு ஊர் தப்ப வேண்டுமானால் மற்ற ஊர் கொஞ்சம் நனைய வேண்டும். வேறு எந்த ஊராக இருந்தாலும் இதற்காக மண்டை உடைந்திருக்கும். இவர்கள் ஒரு பிரியை, அதாவது வைக்கோலை முறுக்கித் திரித்த கயிற்றை, வைத்துச் சமாளித்தார்கள். ஷட்டரை யார் ஏற்றினாலும் இறக்கினாலும் அதன் கம்பியில் பிரியை முறுக்கிக் கட்டிவிட்டுப் போவார்கள். கட்டியவர்களே வந்து அவிழ்க்கும்வரை மற்றவர்கள் தொட மாட்டார்கள். பெரும்பாலும் மழைக்காலத்தில் கீழவயல்காரர்கள் இறக்கிக் கட்டுவார்கள். வயலுக்கு உரம் போட்ட நாளில் அது கரைந்து ஓடிவிடாமல் இருக்க மேலவயல்காரர்களும் இறக்கிக் கட்டுவதுண்டு. எப்படியும் ஒரு நாளுக்கு மேல் யாரும் கட்டி வைத்ததில்லை.

யார் கட்டியது, எப்போது அவிழ்ப்பீர்கள் என்று ஒருவரை ஒருவர் கேட்பதும் கிடையாது. பெண் கொடுத்துப் பெண் எடுத்த ஊர்கள். பந்தியில் உட்கார்ந்திருக்கும் சம்பந்தியிடம் எத்தனை இட்லி சாப்பிட்டீர்கள் என்று கேட்பதுபோல அது. என் வினாத்தாளில் பதினான்காம் கேள்வி இதைப் பற்றியது. எண்பத்திரண்டு விழுக்காட்டினர் "கேட்கவே கூடாது" என்றார்கள். மீதிப் பேர் அப்படி ஒரு கேள்வியை அச்சடித்ததே தப்பு என்றார்கள்.

எனக்கு அங்கே எல்லாம் காட்டியவர் பஞ்சநதம். மேலவயலில் பத்து மா நிலம் குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி செய்தவர், என் வயதுக்காரர். அவர் மனைவி ஈஸ்வரி கீழவயல்காரர். ஈஸ்வரியின் அண்ணன் ராஜராஜனுக்கு அங்கே சொந்த நிலம். பஞ்சநதம் வீட்டில் பதினோரு முறை சாப்பிட்டிருக்கிறேன், நன்றியுரையில் எண்ணிக்கையோடு குறித்திருக்கிறேன். பிரியை எப்படி முறுக்குவது, எந்தச் சுற்றில் முடிச்சு விழும் என்று அவரைச் செய்துகாட்டச் சொல்லிப் படம் வரைந்துகொண்டேன்.

"இதுல என்ன சார் இருக்கு, இதைப் போயி வரையிறீங்க?" என்று சிரித்தார். "கட்டுனா கட்டுதான். அவுக்குறவரைக்கும் கையி வைக்க மாட்டோம்."

முதல் முறை குழுவின் முன் நின்றபோது எனக்குப் பெருமையாகவே இருந்தது. எங்கள் பக்கத்தில் குழுவுக்கு டீயும் போண்டாவும் ஆய்வாளர்தான் ஏற்பாடு செய்ய வேண்டும். போண்டா வரும்வரை கேள்வி, வந்தபிறகு வாழ்த்து என்பது பொது விதி. அன்றைக்கு ஆறு போண்டாவும் தீர்ந்தபிறகும் வாழ்த்து வரவில்லை. வெளியிலிருந்து வந்த நிபுணர் ஹபீபுன்னிசா அம்மையார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அழகா இருக்கு அரவிந்தன். ஆனா ப்ராப்ளம் எங்க? பிரச்சினையே இல்லாத ஊர்ல என்ன ஆராய்ச்சி பண்ணப் போறீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அது மரியாதை. வெளியே வந்ததும் என் நெறியாளர் ஜெக்கரியா தோளில் கை போட்டார். "ஒரு சண்டை, ஒரு கேஸு, ஒரு மனு, ஒண்ணுமே இல்லியாப்பா அந்த ஊர்ல?"

தேடினேன். எட்டு மாதம் தேடினேன். பழைய ஆட்களைக் கேட்டேன், திருவிழாச் சண்டை உண்டா என்று கேட்டேன், குடித்துவிட்டு யாராவது யாரையாவது திட்டியதுண்டா என்றுகூடக் கேட்டேன். கிடைத்தது ஒரு சைக்கிள் காணாமற்போன விவகாரம். அதை 'வள முரண்பாடு' என்று தலைப்பிட்டு இரண்டாம் முறை கொண்டுபோனேன். சைக்கிள் கிடைத்துவிட்டதா என்று ஹபீபுன்னிசா அம்மையார் கேட்டார். கிடைத்துவிட்டது, எடுத்தவர் டயர் மாற்றித் திருப்பிக் கொடுத்தார் என்று உண்மையைச் சொன்னேன். அந்தச் சிரிப்பு பக்கத்து வகுப்பறை வரை கேட்டிருக்கும்.

அதற்குப் பிறகு அந்த ஊர்களின் ஒற்றுமை எனக்கு எரிச்சலாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒருவன் நான்கு வருடமாக வெயிலில் அலைகிறான், அவனுக்காக ஒரு சின்னத் தகராறுகூடச் செய்ய மாட்டேன் என்கிறார்கள். பஞ்சநதம் வீட்டுச் சாம்பார்கூட அப்போது உறைக்க ஆரம்பித்தது.

மூன்றாவது அமர்வைத் தை மாதத்துக்கு வைத்திருந்தார்கள். கார்த்திகையில் ஒரு செவ்வாய்க்கிழமை, ஐந்து நாளைக்குக் கனமழை என்று செய்தியில் சொன்ன அன்று, காலை பத்து மணிக்கு மேல் பைக்கில் போனேன். ஷட்டரைத் திருகும் கைப்பிடி பூவரச மரத்துப் பொந்தில் இருக்கும், ஊரே அறியும். ஷட்டரை இறக்கினேன். பிரியை முறுக்கி, பஞ்சநதம் காட்டிய சுற்றில் கட்டினேன். என் வாழ்க்கையில் சரியாகச் செய்த கைவேலை அது ஒன்றுதான். ஞாபகத்துக்காக ஒரு படமும் எடுத்தேன். தூரத்து வயலில் அவர் யூரியா வீசிக்கொண்டிருந்தார். கூப்பிட்டிருக்கலாம். ஆனால் களத்தில் ஆய்வாளர் குறுக்கிடக் கூடாது என்பது அடிப்படைப் பாடம்.

பிறகு மழை தன் வேலையைச் செய்தது, இரண்டு ஊரும் தங்கள் நாகரிகத்தைக் காத்தன. கீழவயல்காரர்கள் கட்டியிருக்கிறார்கள், அவர்களாக அவிழ்ப்பார்கள் என்று மேலவயல் காத்திருந்தது. மேலவயலில் உரம் போட்டிருக்கிறார்கள், அதனால் கட்டியிருக்கிறார்கள் என்று கீழவயல் நினைத்தது. எல்லோர் கையிலும் செல்போன் இருந்தது, ஒருவரும் கேட்கவில்லை. பதினான்காம் கேள்வி இவ்வளவு துல்லியமாக வேலை செய்யும் என்று நானே நினைக்கவில்லை.

வியாழக்கிழமை மாலை பஞ்சநதம் எனக்கு போன் செய்தார். நேரம் ஐந்து பன்னிரண்டு, களக்குறிப்பேட்டில் இருக்கிறது.

"சார், பயிரு முங்கிருச்சி. மூணு நாளாச்சி, கீழவயல்ல அவுக்கவே இல்ல. நாங்க கேட்டா நல்லாருக்காது. நீங்க ரெண்டு ஊருக்கும் பொது மனுசன். மச்சான்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்களேன்."

அந்தக் குரலில் இருந்த கூச்சம் எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. நானே அடுத்த பருவத்துக்கு வேலை இருக்குமா என்று தெரியாமல் இருந்தவன். ஒரு மணி நேரம் கழித்து அவரைக் கூப்பிட்டு, "உங்க மச்சான் ஒண்ணும் பதில் சொல்லலீங்க" என்றேன். அது பொய் அல்ல. நான் கேட்கவில்லை, ஆகவே அவர் பதில் சொல்லவில்லை.

அவர் "சரிங்க சார், நான் பாத்துக்குறேன்" என்று வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை அவர் அரிவாளோடு போய்ப் பிரியை அறுத்திருக்கிறார். மூன்று நாள் தேங்கிய தண்ணீரை ஒரேயடியாகத் திறந்தால் கீழவயலும் போய்விடும் என்று ராஜராஜன் மண்வெட்டியோடு ஓடி வந்திருக்கிறார். நீங்கள்தானே கட்டினீர்கள் என்று இவர், நீங்கள்தானே கட்டினீர்கள் என்று அவர். நான் எதிர்பார்த்தது ஒரு வாய்த்தகராறு, மிஞ்சிப்போனால் தாசில்தாருக்கு ஒரு மனு. ராஜராஜன் மண்வெட்டிக் காம்பால் அடித்தது ஒரே அடி. பஞ்சநதம் ஷட்டர் மேடையின் விளிம்பில் விழுந்திருக்கிறார். தஞ்சாவூருக்குக் கொண்டுபோகும் வழியில் உயிர் போய்விட்டது. ராஜராஜன் திருச்சி சிறையில் இருக்கிறார். மேலவயலும் கீழவயலும் இப்போது பேசிக்கொள்வதில்லை. தை மாதத்துக்கு நிச்சயம் செய்திருந்த இரண்டு கல்யாணங்கள் நின்றுபோயின. அவற்றை அட்டவணை நான்கில் காணலாம்.

சனிக்கிழமைதான் நான் அங்கே போனேன் என்று உங்கள் சப்-இன்ஸ்பெக்டரிடம் அப்போது சொன்னேன். பேப்பரில் பார்த்து ஓடி வந்ததாகச் சொன்னேன். அழுதேன் என்றும் ஊரில் சொல்லியிருப்பார்கள். அது நடிப்பல்ல.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, ஒரு வாரம் விட்டு, முறைப்படி ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஈஸ்வரியைப் பேட்டி எடுத்தேன். அண்டை ஊரின்மேல் உங்களுக்கு இருந்த நம்பிக்கை எவ்வளவு குறைந்திருக்கிறது, ஒன்றிலிருந்து ஐந்துக்குள் சொல்லுங்கள் என்று கேட்டேன். அவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அஞ்சுக்கு மேல இல்லீங்களா சார்?" என்றார்.

இல்லை என்று ஐந்தை வட்டமிட்டேன்.

தை மாத அமர்வைப் பற்றிச் சொல்ல வேண்டும், அது என் வாழ்வின் சிறந்த நாற்பது நிமிடம். தலைப்பு, 'நம்பிக்கையின் சிதைவு: இரு டெல்டா கிராமங்களில் நீர்ப் பிணக்கு.' ஏழாவது ஸ்லைடில் அந்தப் பிரியின் படம். ஜெக்கரியா சார் தலைகுனிந்திருந்தார். ஹபீபுன்னிசா அம்மையார் இந்த முறை கண்ணாடியைக் கழற்றியது கண்ணைத் துடைக்க.

"இப்பதான் இதுல உயிர் வந்திருக்கு அரவிந்தன்" என்றார்.

ஒருமனதாக ஏற்றார்கள். அன்று போண்டாவோடு கேசரியும் வாங்கியிருந்தேன்.

நான் மாட்டிக்கொண்டதும் ஆய்வு அறத்தினால்தான் என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன். ஆய்வின் பயன் அதில் பங்கேற்றவர்களுக்கும் போய்ச் சேர வேண்டும் என்று விதி. பலர் கடைப்பிடிப்பதில்லை. நான் ஒரு பிரதியை ஸ்பைரல் பைண்டிங் செய்து ஈஸ்வரியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் எழுத்தைப் படிக்கவில்லை, படங்களைப் புரட்டினார். பிரியின் படத்தில் விரலை வைத்தார்.

"பின்னாடி தூரத்துல நிக்கிறது எங்க வீட்டுக்காரருங்க. அவரு நடையே அதான். பெருசாப் போட்டுக் குடுக்க முடியுமா சார்? கடைசியா எடுத்த படம் ஒண்ணும் எங்கிட்ட இல்ல."

முன்மொழிவில் படத்தின் ஓரத்தை வெட்டியிருந்தேன். அவர் முகத்தைப் பார்த்து, தெளிவாக வரட்டுமே என்று முழுப் படத்தையும் போனில் அனுப்பிவிட்டேன். பரிதாபப்பட்டு நான் செய்த காரியம் இந்த விவகாரத்திலேயே அது ஒன்றுதான். திருவிடைமருதூர் ஸ்டுடியோவில் பெரிதாக்கிக் கொடுத்தவர், மூலையில் தேதியும் நேரமும் விழுந்திருக்கிறது, அழித்துவிடவா என்று கேட்டிருக்கிறார். கடைசி நாள்களில் ஒன்றாயிற்றே, இருக்கட்டும் என்று ஈஸ்வரி சொல்லியிருக்கிறார். வீட்டில் மாட்டி, மாலை போட்டு, தினமும் அதைப் பார்த்திருக்கிறார். பச்சைப் பயிர், முங்காத வயல், யூரியா வீசுகிற புருஷன், முன்னால் புதிதாகக் கட்டிய பிரி, செவ்வாய்க்கிழமை பத்து நாற்பது. சனிக்கிழமைதான் வந்தேன் என்று சொன்னவனின் போனில் எடுத்த படம். அவர் அதை மாலையோடு உங்கள் மேசைக்குக் கொண்டுவந்து வைத்தார் என்று சொன்னீர்கள். பேட்டியில் எனக்கு ஐந்து என்றவர், உங்களிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லையாமே.

ராஜராஜனை விட்டுவிடுவீர்களா என்பது உங்கள் துறை சார்ந்த கேள்வி. ஈஸ்வரியிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள். அவர் பெயரை நான் எங்கேயும் வெளியிடவில்லை, ஈ-1 என்றுதான் எழுதியிருக்கிறேன்.

பிறர் ஆய்வில் நடப்பதுபோல ஒரு தரவைக்கூட நான் இட்டுக்கட்டவில்லை. அட்டவணைகள் எல்லாம் உண்மை, வெள்ளம் உண்மை, சாவு உண்மை. அவற்றை நடத்தியவன் நான் என்பதை மட்டும் ஆய்வு முறை என்ற பகுதியில் சேர்க்காமல் விட்டுவிட்டேன். அவகாசம் கொடுத்தால் திருத்தித் தந்துவிடுகிறேன், ஒரு வரிதானே.