மேலாளராக மறுத்த மருதப்பன்

சமையலறையில் டை கட்டக் கூடாது என்று நீங்கள் சொன்னது மிகவும் சரி, மேடம். சாம்பாரில் விழும். விழுந்தும் இருக்கிறது. அதனால்தான் முடிச்சுப் போடும் டையை நிறுத்திவிட்டு, கொக்கி வைத்த டையாகத் தேக்கா சந்தையில் மொத்தமாக வாங்கிக் கொடுத்தேன். எதிலாவது மாட்டினால் கையோடு கழன்று வந்துவிடும். ஊழியர் பாதுகாப்பு என்றால் எனக்கு எப்போதுமே அக்கறை உண்டு.

உங்கள் விசாரணை அதிகாரி அட்டையில் நூருன்னிசா என்ற பெயரைப் பார்த்ததும் நிம்மதியாக இருந்தது. தமிழிலேயே பேசலாம். ஆங்கிலத்தில் சொல்லும்போது நான் செய்ததெல்லாம் குற்றம் மாதிரி ஒலிக்கிறது. தமிழில் சொன்னால் குடும்ப விஷயம்.

என் பெயர் தனசேகரன். சிராங்கூன் சாலையிலிருந்து திரும்பும் சந்தில் எங்கள் சைவ உணவகம். ஜூரோங்கில் பெரிய சமையற்கூடம். அங்கிருந்து கப்பல் பட்டறைகளுக்குப் பொட்டலச் சாப்பாடு போகிறது. இது தவிர, உணவு வணிகர் சங்கம் ஒன்றுக்குத் தலைவராக இருக்கிறேன். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் மறுபடி மறுபடி என்னையே தேர்ந்தெடுக்கிறார்கள். வேட்புமனு நான்தான் போடுகிறேன், அது வேறு. எனக்குப் பொன்னாடை போர்த்திக்கொள்வதில் ஆசை என்று சிலர் பேசுவார்கள். இல்லை மேடம். அடுத்தவருக்குப் போர்த்துவதில்தான் என் ஆசையே.

யோசனை எங்கே பிறந்தது என்று கேட்டீர்கள். சங்கக் கூட்டத்தில்தான். "உழைப்பாளியின் கண்ணியம்" என்ற தலைப்பில் அன்று நான் பேசினேன். பேசி முடித்து விருந்துக்கு வரிசையில் நிற்கும்போது, பக்கத்தில் தட்டோடு நின்றவர் காதோடு சொன்னார்: "எல்லாரையும் மேனேஜர் ஆக்கிடுங்க லா அண்ணே. மேனேஜருக்கு ஓவர்டைம் காசு, ஓ.டி. கிடையாது. எத்தன மணிக்கு வந்தாரு, எத்தன மணிக்குப் போனாருன்னு யாரும் கேக்க மாட்டாங்க. தலைவலியே இல்ல."

அவர் தலைவலியைப் பார்த்தார். நான் கண்ணியத்தைப் பார்த்தேன். மனிதருக்கு மனிதர் பார்வை வேறுபடும்.

அந்தத் தீபாவளி விருந்தில் பதவி உயர்வு விழா நடத்தினேன். மேடை போட்டு, குத்துவிளக்கு ஏற்றி, ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்துப் பொன்னாடை போர்த்தி, டையும் பெயரட்டையும் கொடுத்தேன். டீ ஆற்றுகிற ரஞ்சன் பானப் பிரிவு மேலாளர். பாத்திரம் கழுவுகிற கோவிந்தராசு தூய்மைப் பிரிவு மேலாளர். காய் நறுக்குகிறவர்கள் மூன்று பேர். அவர்களுக்குள் சண்டை வரக்கூடாது என்பதற்காகக் கிழங்கு, கீரை, வெங்காயம் என்று பிரித்து ஆளுக்கொரு பிரிவு கொடுத்தேன். சம்பளம் மட்டும் மாறவில்லை. பதவியே ஒரு சம்பளம் என்று மேடையில் சொன்னேன். கைதட்டினார்கள்.

கோவிந்தராசு யாரை நிர்வகித்தார் என்று கேட்டு, நீங்கள் லேசாகச் சிரித்தீர்கள். பாத்திரங்களை நிர்வகித்தார். பெயர் என்னவாக இருந்தாலும் செய்கிற வேலையைத்தான் சட்டம் பார்க்கும் என்கிறீர்கள். இருக்கலாம். ஆனால் சட்டம் அன்று அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மனிதர் மேடையிலேயே அழுதார். மறுநாளே அந்த அட்டையைச் சம்பந்தி வீட்டில் காட்டிவிட்டு வந்தார். அதுவரை வாசலோடு பேசி அனுப்பியவர்கள், அன்றைக்கு உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டார்களாம். அந்த நாற்காலிக்கு எந்த ஓ.டி. ஈடாகும், சொல்லுங்கள்.

சின்னச் சிக்கல்கள் இருந்தன, மறுக்கவில்லை. ஒருமுறை தோசை வரத் தாமதமாகி ஒரு வாடிக்கையாளர், "மேனேஜர கூப்பிடுங்க" என்று கத்தினார். கடையில் எந்த மூலையைப் பார்த்தாலும் ஒருவர் திரும்பினார். தோசை போட ஆளில்லை.

மருதப்பன் விஷயத்துக்கு வருகிறேன். அவரைப் பற்றித்தானே நீங்கள் கேட்கிறீர்கள்.

மருதப்பன் எங்கள் வண்டி ஓட்டுநர். தோ பாயோவில் வீடு. மனைவி கமலா, பாலிடெக்னிக்கில் படிக்கிற மகள் வர்ஷா. நல்ல மனிதர், எதிர்த்துப் பேசாதவர். அதனால்தான் அன்று அவர் செய்தது எனக்குப் புரியவே இல்லை. போக்குவரத்துப் பிரிவு மேலாளர் என்று அறிவித்துப் பொன்னாடையை விரித்துக்கொண்டு நிற்கிறேன். மனிதர் மேடையேறி வந்து, மைக்குக்குப் பக்கத்தில் நின்று கேட்டார்:

"அண்ணே, மேனேஜர் ஆனா ஓ.டி. உண்டா?"

"மேனேஜருக்கு எதுக்குங்க ஓ.டி.? அதான் கௌரவம் இருக்கே."

"கௌரவத்தையும் கோவிந்தராசு அண்ணனுக்கே சேத்துக் குடுத்துருங்கண்ணே. அவரு வச்சுக்குவாரு. எனக்கு ஓ.டி. போதும் லா. வர்ஷா படிப்பு இருக்கு."

மைக் அதையும் எடுத்துக் கூடம் முழுக்கப் பரப்பியது. எல்லாரும் சிரித்தார்கள். சங்கத்திலிருந்து வந்திருந்த பெரியவர்களும் சிரித்தார்கள். அவர் ஒரு கும்பிடு போட்டுவிட்டு இறங்கிப் போய்ப் பிரியாணி வரிசையில் நின்றுகொண்டார். விரித்த பொன்னாடையோடு மேடையில் தனியாக நிற்பது எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. மடிக்கவும் தோன்றாது. கீழே போடவும் முடியாது. கடைசியில் குத்துவிளக்கைச் சரிசெய்வதுபோல் திரும்பிக்கொண்டேன்.

எனக்குக் கோபம் வரவில்லை. இதை எழுதிக்கொள்ளுங்கள்.

விழா முடிந்து மறுநாள் பார்த்தால், எங்கள் நிறுவனத்தில் எல்லாரும் மேலாளர்கள், ஊழியர் என்று சொல்ல ஒரே ஒருவர். அத்தனை மேலாளர்களும் நிர்வகிப்பதற்கு மருதப்பன் மட்டும்தான் இருந்தார். மேலாளரிடம் போய் மூட்டை தூக்கு என்று சொல்வது மரியாதையல்ல. ஆகவே மூட்டை அவருக்குப் போனது. காலையில் ஜூரோங்கில் அரிசி களைவது, வண்டியில் ஏற்றுவது, பட்டறைகளில் இறக்குவது, திரும்பி வந்து சிராங்கூன் சாலைக் கடைக்குச் சாமான் எடுத்துப் போவது, அங்கே கூட்டம் இருந்தால் இலை எடுப்பது. மற்றவர்களுக்கும் நீண்ட நேரம்தான். ஆனால் அவர்கள் தங்கள் விருப்பத்தில் இருந்தவர்கள், மேலாளர்கள். இவருடைய நேரத்தை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கூட்டிச் சொன்னேன். சட்டத்தில் ஒரு நாளுக்கு இவ்வளவு என்று எல்லை இருப்பது எனக்குத் தெரியும். ஓ.டி.யைப் பற்றிக் கேட்டபோது, அடுத்த தீபாவளிக்குச் சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

இதைப் பழிவாங்கல் என்று அவர் மகள் வர்ஷா உங்களிடம் சொல்லியிருக்கிறாள். படிக்கிற பிள்ளை, பெரிய வார்த்தையாகத்தான் சொல்வாள். நான் காத்திருந்தேன், அவ்வளவுதான். "சரிண்ணே, மேனேஜர் ஆக்கிடுங்க" என்று அவர் ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். அன்றே மூட்டை குறைந்திருக்கும். இதை நான் அவரிடம் ஒளிக்கவும் இல்லை. வாரக் கடைசியில் கூப்பிட்டுக் கேட்பேன்: "என்ன மருதப்பன், யோசிச்சீங்களா?" அவர் சிரிப்பார். "யோசிக்க எங்கண்ணே நேரம்?" என்பார். கண் சிவந்திருக்கும். சிரிப்பு மட்டும் மேடையில் பார்த்த அதே சிரிப்பு. அந்தச் சிரிப்பு கொஞ்சம் குறைந்திருந்தால் நானே இறங்கி வந்திருப்பேனோ என்னவோ.

பிறகு அந்த விபத்து. நல்ல பகல் வெயில். பட்டறையில் சாப்பாட்டை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பும்போது, விரைவுச்சாலை ஓரத்தில் பழுதாகி நின்ற லாரியின் பின்னால் போய்ச் செருகிவிட்டார். பிரேக் போட்ட தடமே இல்லை என்றார்கள். வேறு யாருக்கும் அடி இல்லை. அதற்காகக் கடவுளுக்கு நன்றி சொன்னேன். தோ பாயோ கோவிலில் என் செலவில் அர்ச்சனைகூடச் செய்தேன்.

ஓர் ஊழியர் அவ்வளவு நேரம் வேலை பார்த்தால் முதலாளி பதில் சொல்ல வேண்டும். ஒரு மேலாளர் பார்த்தால் அது அவருடைய அர்ப்பணிப்பு. இதை நினைத்துப் பார்த்தபோதுதான், மருதப்பனுக்கு நான் கொடுக்க நினைத்த மரியாதை இன்னும் பாக்கி இருப்பது நினைவுக்கு வந்தது.

லிட்டில் இந்தியாவில் ஒரு கூடம் எடுத்து இரங்கல் கூட்டம் வைத்தேன். அவர் டை கட்டிய படம் ஒன்றுகூட இல்லை. படக்கடைக்காரர் கணினியில் ஒரு நீல டை வரைந்து கொடுத்தார். மிகவும் பொருந்தியிருந்தது. படத்துக்கு மாலை போட்டு, மேலே அந்தப் பொன்னாடையைப் போர்த்தி, மைக்கில் சொன்னேன்: "சென்ற தீபாவளி முதல் நம் போக்குவரத்துப் பிரிவின் மேலாளராகத் திறம்படப் பணியாற்றிய மருதப்பன் அவர்கள்..." இந்த முறை அவர் மறுக்கவில்லை. ரஞ்சன் என் முகத்தைப் பார்த்தார், பிறகு தலையை ஆட்டினார். ஒருவர் ஆட்டினால் மற்றவர்களும் ஆட்டுவார்கள். மேலாளர்கள் அல்லவா.

முன்வரிசையில் கமலா விம்மிவிட்டார். "இவ்ளோ பெரிய பதவியா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே இந்த மனுஷன்..."

பக்கத்தில் வர்ஷா எழுந்து நின்றாள். "அம்மா, அப்பா மேனேஜர் இல்லம்மா. அவர் நோ சொல்லிட்டாரு. வீட்டுக்கு வந்து எங்கிட்ட சொல்லிச் சிரிச்சாரு. அங்கிள், ஒய் ஆர் யூ லையிங்?"

"சும்மா இரு வர்ஷா. சபையில அப்பாவுக்கு மரியாதை செய்றாங்க."

"இது மரியாதை இல்லம்மா."

"உக்காருடி."

கூட்டம் முடிந்து கமலா என்னிடம் வந்தார். தயங்கித் தயங்கி, கணவருக்கு வர வேண்டிய ஓ.டி. பற்றிக் கேட்டார். மேலாளருக்கு அது கிடையாது என்று பக்குவமாக விளக்கினேன். அந்தப் படத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "பரவால்லண்ணே. இந்த மரியாத போதும் எங்களுக்கு" என்று கையெடுத்துக் கும்பிட்டார். நீங்கள் மோசடி என்று ஏதோ ஒரு சொல் சொன்னீர்கள். மோசடி செய்தவனை யாராவது கும்பிடுவார்களா, மேடம்?

ஆனால் மகள் உங்களிடம் வந்துவிட்டாள். நீங்களும் எங்கள் மேலாளர்களை ஒவ்வொருவராக அழைத்தீர்கள். ரஞ்சன் நான் சொல்லிக் கொடுத்ததைச் சொன்னார். கோவிந்தராசுதான், பாதி சொல்லும்போதே டையைக் கழற்றி உங்கள் மேசையில் வைத்துவிட்டு அழுதாராம். "மருதப்பன் தம்பி ஒத்துக்கவே இல்லம்மா. நாங்கதான் ஒத்துக்கிட்டோம்" என்றாராம். அவர் எந்த மேடையிலும் அழுகிறவர். அதை நான் குறையாகச் சொல்லவில்லை.

இனி அந்தக் கடைசி அழைப்பு. விபத்துக்குச் சற்று முன் மருதப்பன் என்னைக் கூப்பிட்டிருப்பது அவருடைய போனில் இருக்கிறது. என்ன பேசினோம் என்று காலையிலிருந்து கேட்கிறீர்கள். வேறு யாருக்கும் தெரியாது. ஆகவே நான் சொன்னால்தான் உண்டு. சொல்கிறேன்.

"அண்ணே, கண்ணு சொக்குதுண்ணே. ரோடு ரெண்டா தெரியுது. இங்கயே வண்டிய போட்டுட்டு கொஞ்ச நேரம் படுத்துட்டு வரேனே" என்றார். பட்டறை வாசலிலிருந்து பேசினார். வண்டி அப்போது நின்றுகொண்டுதான் இருந்தது.

நான் சொன்னேன்: "மேனேஜரா இருந்தா நீங்களே முடிவு பண்ணிக்கலாம் மருதப்பன். என்னைக் கேக்கவே வேணாமே."

அந்த ஒரு வார்த்தை இப்போது வந்துவிடும் என்று நினைத்தேன். பொன்னாடைகூட இழுப்பறையில் தயாராக இருந்தது.

"அப்ப வந்துடறேண்ணே" என்றார். சிரித்தார். வைத்துவிட்டார்.

மறுபடி கூப்பிட்டுப் படுங்கள் என்று சொல்லியிருக்கலாம். போன் கையில்தான் இருந்தது. அவருக்குத் தூக்கம் என்று தெரியும், அந்தச் சாலை தெரியும், அந்தக் கண்ணோடு ஓட்டினால் என்ன ஆகும் என்பதும் தெரியும். கூப்பிடவில்லை. அவர் வார்த்தை வந்தபின் என் வார்த்தை வரட்டும் என்று இருந்தேன். ஆக, மருதப்பன் வண்டி ஓட்டியது என் சொல்லால்தான். அவரைக் கொன்றது நான் என்று நீங்கள் எழுதினால், நான் ஆட்சேபிக்கப் போவதில்லை. எழுதுங்கள்.

வாக்குமூலத்தில் என் கையெழுத்துக்குக் கீழே பதவி என்று ஓர் இடம் விட்டிருக்கிறீர்கள். அங்கே முதலாளி என்று மட்டும் போட வேண்டாம், மேடம். நிறுவனம் என் மனைவி பெயரில் இருக்கிறது. பார்க்கப்போனால் நானும் மாதச் சம்பளம் வாங்குகிறவன்தான், நேரம் காலம் பார்க்காமல் உழைக்கிறவன். ஊழியர் என்று போடுங்கள். ஊழியருக்குத்தான் சட்டத்தில் பாதுகாப்பு அதிகம் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்.