நாலாவது துண்டு

இரவு இரண்டே கால். புறவழிச் சாலையிலிருந்து வயர் கம்பெனிக்குப் பிரியும் ரோட்டில் ஒரு நாய்கூட இல்லை... கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், சொல்கிறேன்.

அந்த ரோட்டில் என் சிநேகிதனின் மச்சான் பைக்கை விரட்டிக்கொண்டு போனான். கம்பெனியில் அவன்தான் டெஸ்டர். எதை நீட்டினாலும் பாஸ் போட்டுவிடுவதால் பட்டப்பெயர் பாஸ்மார்க். அன்றைக்கும் சோம்பல்பட்டு, சோதிக்காமலே ஒரு லாட் வயருக்குப் பழைய டெஸ்ட் நம்பரை எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தான். ஆஸ்பத்திரிக்குப் போகிற வயர். ஐந்து மணிக்கு லாரி. வெளியே சொல்ல முடியாமல், திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல் படுக்கையில் புரண்டு பார்த்துவிட்டு, லாரி கிளம்புமுன் சோதித்துவிடலாம் என்று கிளம்பியிருந்தான்.

சோதனை எளிதுதான். வயரின் மேலுறையை உரித்து வெட்டு அச்சில் அழுத்தினால், இரு நுனியும் அகன்று நடு மெலிந்த துண்டு விழும். மூன்று துண்டு. அடியில் எடைக்கல் கட்டி, இருநூறு டிகிரி அடுப்பில் கால் மணி நேரம் தொங்கவிட வேண்டும். உள்ளே பிணைப்பு சரியாக இருந்தால் பிளாஸ்டிக் கொஞ்சம்தான் நீளும். இல்லையென்றால் இழுபட்டு அறுந்து விழும்.

டக்... டக்... அரைத்தூக்கத்தில் வெட்டித் தொங்கவிட்டான்.

ஐந்தாவது நிமிடம் நாற்றம் வந்தது. பிளாஸ்டிக் நாற்றம் இல்லை. முடி பொசுங்குகிற நாற்றம்... அதற்கடியில் ஊசிப்போன கொழுப்பு. கண்ணாடி வழியே பார்த்தான். ஒரு துண்டு மட்டும் கொழகொழவென்று நீண்டுகொண்டிருந்தது. அதில் குட்டிக் குட்டித் துளைகள். துளைக்கொரு மயிர். நுனியில் மஞ்சளாகத் திரண்டு எடைக்கல்லில் வழிந்தது... சொத்... சொத்... குப்பைக்கூடையில் கக்கிவிட்டு மேனேஜருக்குப் போன் போட்டான்.

"சார், லாரிய நிறுத்துங்க. அந்த லாட்ட டெஸ்ட் பண்ணாமலேயே பாஸ் போட்டுட்டேன். இப்ப பாத்தா... கருமம், கிட்டவே போக முடியல சார்."

மேனேஜர் ஓடி வந்தார். மூக்கைப் பொத்திக்கொண்டு அடுப்பைத் திறந்து, ஸ்கேல் வைத்து அளந்தார்.

"மூணும் நல்லாத்தானேடா இருக்கு? பாஸ்தான். லாரி கிளம்பட்டும்."

அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அது சரி, இந்த நாலாவது துண்ட எதுலேர்ந்து வெட்டின?"

"நாலாவதா? வயர்ல மூணுதான் சார் வெட்டினேன்."

மேனேஜர் அவன் இடது கையையே பார்த்தார். அவனும் குனிந்து பார்த்தான். வலி இல்லை... ஒரு சொட்டு ரத்தம் இல்லை. முழங்கைக்குக் கீழே, இரு நுனியும் அகன்று நடு மெலிந்து, அச்சு வைத்து எடுத்த மாதிரி ஒரு பள்ளம்.