ஏழாம் படுக்கை கேட்ட முகவரி

உங்கள் ஸ்டேஷன் நாற்காலி வசதியாகத்தான் இருக்கிறது, ஐயா. எங்கள் சர்வர் அறையில் உட்கார ஒரு ஆட்டம் காணும் ஸ்டூல்தான். சாயங்காலத்துக்குள் இடுப்பு விட்டுப்போய்விடும். நீங்கள் நிதானமாகக் கேட்கிறீர்கள், நானும் நிதானமாகவே சொல்கிறேன். ஆனால் ஸ்விட்சிலிருந்துதான் தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் என் நிலைமை உங்களுக்குப் புரியாது.

அது ஒரு தட்டைப் பெட்டி. ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர், பிரிண்டர், நோயாளியின் தலைமாட்டில் இதயத் துடிப்பைக் காட்டும் மானிட்டர், எல்லா வயரும் அதில் வந்துதான் சேரும். அதற்குள் கண்ணுக்குத் தெரியாத தடுப்புச் சுவர்கள் எழுப்பலாம். வி-லேன் என்போம். மானிட்டர்கள் ஒரு பக்கம், அலுவலகம் ஒரு பக்கம், பார்வையாளர்களின் போன்கள் ஒரு பக்கம் என்று பிரித்துவிட்டால் ஒன்றின் நெரிசல் இன்னொன்றைத் தொடாது. உள்ளே வரும் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு முகவரி தர வேண்டும். முகவரி கிடைக்காத கருவி ஊமை. ஆகவே ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனியாக முகவரி வழங்கத் தெரிந்த ஸ்விட்சாகப் பார்த்து வாங்க வேண்டும். அப்படி ஒன்றைத் தேடிப் பிடித்து, இதுதான் வேண்டும் என்று கேட்டிருந்தேன்.

எங்கள் நிர்வாகியை நாங்கள் ‘ஆகட்டும் சார்’ என்போம். எதைக் கேட்டாலும் அந்த ஒரு சொல்தான். இதற்கும் அதையே சொன்னார். வந்து இறங்கியதோ வேறு பெட்டி. ஒரே ஒரு பிரிவுக்குத்தான் அதனால் முகவரி தர முடியும், அதுவும் ஒரு எண்ணிக்கை வரைதான்.

“ரெண்டுலயும் இருபத்திநாலு ஓட்டைதானப்பா? எண்ணிப் பாத்துட்டுத்தான் வாங்கினேன்,” என்றார்.

வாய் வலிக்கச் சொன்னேன். “நீ எதையும் பெருசு பண்ணுவே” என்று எல்லோர் முன்னாலும் சிரித்தார். என்ன செய்ய முடியும்? தடுப்பு எதுவும் எழுப்பாமல், மானிட்டர்களையும் போன்களையும் ஒரே கூட்டத்தில் விட்டேன்.

நீங்கள் கேட்கும் முன்பே சொல்லிவிடுகிறேன். மானிட்டர்களுக்கு மட்டும் மாறாத முகவரிகளைக் கையால் பதித்து வைத்திருக்கலாம். ஒரு பிற்பகல் வேலை. செய்திருந்தால் எந்தத் தொந்தரவும் வந்திருக்காது. தொந்தரவு வராதவரை அந்த மனிதர் சரியான ஸ்விட்சை வாங்கியிருக்கவும் மாட்டார். அதனால் காத்திருந்தேன். பிரிண்டர் நிற்கும், மருந்துக் கவுன்டரில் நாலு பேர் சத்தம் போடுவார்கள், அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

அன்றைக்குப் பார்வையாளர் நேரத்தில் ஏழாம் படுக்கைக்காரரின் மகள் என்னைத் தேடி வந்தாள். அவர் பஸ் டிரைவர். நெஞ்சுவலி என்று சேர்த்திருந்தார்கள். வாய் ஓயாதவர். என்னைப் பார்த்தாலே, “என்ன தம்பி, இன்னிக்கு எந்த வயரைப் பிடுங்கப் போறீங்க?” என்பார். எனக்கும் அவரைப் பிடிக்கும்.

“அண்ணா, வைஃபை கிடைக்கவே மாட்டேங்குது. வெளியூர்ல இருக்கிற மாமா, அப்பா முகத்தைப் பாக்கணும்னு அழறார். கொஞ்சம் பாத்துக் குடுங்களேன்,” என்றாள்.

முகவரிகள் தீர்ந்திருந்தன. ஒன்றே ஒன்று சும்மா கிடந்தது. அவளுடைய அப்பாவை ஸ்கேனுக்குக் கொண்டுபோனபோது அவருடைய மானிட்டரை அணைத்திருந்தார்கள். அதன் முகவரி அது. எடுத்து அவள் போனுக்குக் கொடுத்தேன். பிள்ளை வாய்விட்டுக் கேட்கும்போது எப்படி இல்லை என்பது? முகமெல்லாம் சிரிப்பாகப் போனாள்.

சற்றுக் கழித்து ஸ்கேன் பிரிவின் ஆள் அவரைக் கொண்டுவந்து படுக்கவைத்து, மானிட்டரைப் போட்டுவிட்டுப் போனார். அது முகவரி கேட்டது. கிடைக்கவில்லை. மறுபடி கேட்டது. என் திரையில் வரி வரியாக வந்துகொண்டிருந்தது.

எங்கள் வார்டில் நோயாளிகள் தூங்கட்டும் என்று படுக்கையருகே மானிட்டரின் ஒலியை அடக்கி வைத்திருப்பார்கள். அபாய மணி நர்ஸ் மேசையில்தான் அடிக்கும். முகவரி இல்லையென்றால் அடிக்காது. மேசைத் திரையில் ஏழாம் கட்டம் சாம்பல் நிறத்தில் இருக்கும். ஆளை ஸ்கேனுக்குக் கொண்டுபோனாலும் அதே நிறம்தான். அவர் இன்னும் திரும்பவில்லை என்று நர்ஸ் அக்கா நினைத்திருக்கிறார். அவர்மேல் தப்பே இல்லை. மணி அடிக்காது என்று தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

மகள், அப்பாவின் முகத்தை மாமாவுக்குக் காட்டிவிட்டு, அவர் கண் அசந்ததும் வராந்தாவுக்கு வந்துவிட்டாள். என் அறையின் கண்ணாடிக் கதவு வழியே தெரிந்தது. சிரித்துப் பேசிக்கொண்டே நடந்தாள்.

யாராவது ஒருவரின் போனைத் துண்டித்தால் மானிட்டருக்கு இடம் கிடைத்துவிடும். ஒரு பொத்தான்தான். ஆனால் யாருடையதைத் துண்டிப்பது? எல்லோரும் தங்கள் மனிதர்களுக்காக வந்தவர்கள். எனக்கு மனசு வரவில்லை. அதோடு, நான் படித்துப் படித்துச் சொன்னது கண்ணெதிரே நடக்கிறது. ஆகட்டும் சார் நேரில் பார்த்தே ஆக வேண்டும். போன் செய்தேன், எடுக்கவில்லை. மாடிக்குப் போய், மீட்டிங் முடியும்வரை கதவுக்கு வெளியே நின்று, கையோடு அழைத்து வந்தேன்.

“என்னப்பா இது, ஒரே வரி திரும்பத் திரும்ப வருது?”

“ஏழாம் படுக்கை மானிட்டர் சார். ஐ.பி. அட்ரஸ் கேக்குது.”

“குடுக்க வேண்டியதுதானே?”

“இடமில்ல சார். இதுக்குத்தான் அந்த ஸ்விட்சைக் கேட்டேன்.”

முதன்முறையாக அவர் காது கொடுத்துக் கேட்டார். நானும் அவசரப்படாமல், படம் வரைந்தே விளக்கினேன். “ஆகட்டும், வாங்கிடலாம்” என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது, ஐயா, அவ்வளவு நிம்மதி. அப்போதுதான் கண்ணாடிக்கு வெளியே நர்ஸ் அக்கா ஓடினார். மகள் போனைக் கையில் பிடித்தபடியே பின்னால் ஓடினாள். திரையில் அந்த வரி அப்போதும் வந்துகொண்டிருந்தது.

ஏழாம் படுக்கைக்காரர் இறந்ததைப் பற்றிய ஆஸ்பத்திரி விசாரணையில் என்னிடம்தான் காரணம் கேட்டார்கள். பார்வையாளர் ஒருவரின் போன் மானிட்டரின் முகவரியை எடுத்துக்கொண்டது என்றேன். பொய்யில்லை. யாருடைய போன் என்றார்கள், மகளுடையது என்றேன். அதுவும் பொய்யில்லை. கையால் மாற்றிக் கொடுத்தது நான் என்பதை உங்கள் ஆட்கள் கண்டுபிடித்துவிட்டார்கள், நல்லது. மறுக்கவில்லை.

புது ஸ்விட்ச் வந்துவிட்டது. நான் கேட்ட அதே மாடல். ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனி முகவரி. ஒரு குறையும் சொல்ல முடியாது.

அந்தப் பெண்ணை மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். இப்போது போனையே தொடுவதில்லையாம். “உனக்குத் தெரியாதுதானேம்மா, மனசைப் போட்டு அலட்டிக்காதே,” என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “என்னை மன்னிச்சிடுங்கண்ணா. அன்னிக்கு நான் உங்களைத் தொந்தரவே பண்ணியிருக்கக் கூடாது.”

பரவாயில்லை, மன்னித்துவிட்டேன் என்று சொன்னேன், ஐயா. வேறென்ன செய்ய முடியும் என்னால்?