விருந்தாளி வராமலே சிவந்த கரைசல்

மூலக்கூறு இடுக்கி ஆய்வகத்தின் தலைவிக்கு, பணிநிறைவு நாளில் உடன் உழைத்தோர் வாசித்தளிக்கும் பாராட்டு மடல்

பிளாட்டினத்தின் போக்கறிந்த பெருந்தகையே! அளந்ததையன்றி அறையாத அறிவுச்செல்வியே! முப்பத்தோராண்டு எங்களை முறைத்தும் முகமலர்ந்தும் வழிநடத்திய எங்கள் மேடம் அவர்களே! வணக்கம்.

இரண்டு தட்டையான பிளாட்டினக் கைகள், அவற்றை இணைக்கும் ஒரு முதுகு, நடுவே ஒற்றை மூலக்கூறு நுழையுமளவு இடைவெளி: கண்ணுக்குத் தெரியாத இந்த இடுக்கிகளைக் கட்டுவதே உங்கள் வாழ்நாள் வேலை. பிடிப்பதை விருந்தோம்பி என்றும், பிடிபடுவதை விருந்தாளி என்றும் சொல்லித் தந்தீர்கள். உங்கள் முதுகுக்குப் பின்னால் 'இடுக்கி மேடம்' என்று பெயர் வைத்தவர்களும் நாங்களே; மன்னியுங்கள்.

பட்டங்களையும் பதக்கங்களையும் பிறர் பேசட்டும். நாங்கள் பேச விரும்புவது ஒரு வாரத்தைப் பற்றி.

நம் மாணவி ஆய்வேட்டை ஒப்படைக்க நான்கு நாள் இருந்தது. மஞ்சள் கரைசல் குடுவைக்குக் குடுவை சிவந்ததைக் கண்டு, விருந்தாளி இடுக்கிக்குள் அமர்ந்துவிட்டது என்று முன்பே கட்டுரையும் வெளியிட்டிருந்தோம். ஒவ்வொரு குடுவையிலும் விருந்தாளியோடு இடுக்கியின் செறிவையும் கூட்டிக்கொண்டே போனோம். இடுக்கியைத் தனியே அளக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அன்று நீங்கள் அளந்தீர்கள். விருந்தாளியே இல்லாத குடுவையும் சிவந்தது. இடுக்கிகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தன!

"மேடம், நோட்டுல இந்த அளவு எழுதின பக்கத்த எடுத்துடலாம். யாரு பாக்கப் போறா?" என்றார் கருவி இயக்குநர்.

"அதான் நாம பாத்துட்டோமே!" என்றீர்கள்.

"அப்ப என் பட்டம்?" என்று மாணவி கலங்கினார்.

"பட்டம் எங்கயும் ஓடிடாது, வாம்மா. இந்தச் சோதனைக்குத் திட்டம் போட்டவ நான். நானே போய்ச் சொல்றேன்."

சொன்னீர்கள். கட்டுரையை உங்கள் பெயரால் திரும்பப் பெற்றீர்கள். தேர்வுக்குழு முன் நின்று பிழையை உங்கள் தலையில் ஏற்றுக்கொண்டு, மாணவிக்கு ஆறு மாத அவகாசம் வாங்கினீர்கள். அவ்வாண்டு உங்களுக்கு வரவிருந்த துறைத்தலைமை வேறொருவருக்குப் போயிற்று. தன்னினத்தையே பற்றும் இடுக்கிகளைப் பற்றிய புதிய ஆய்வேட்டுக்குப் பட்டம் வந்த அன்று, மாணவியைவிட நீங்களே அதிகம் சிரித்தீர்கள்.

குற்றம் கண்டால் கொதித்தாலும் குற்றவாளியைத் தேடாத குணக்குன்றே! நோயின்றி நெடுநாள் வாழ்க. நினைத்த நேரம் உறங்கி எழுக. நேரம் கிடைக்கும்போது ஆய்வகத்துக்கு வாருங்கள். சரியாக வந்த அளவுகளோடு, தவறிப்போனவற்றையும் ஒளிக்காமல் உங்கள்முன் வைப்போம்.

என்றும் அன்புடன்,
குடுவை கழுவுவோர் முதல் கருவி இயக்குவோர் வரை,
ஆய்வகப் பணியாளர்கள் அனைவரும்